குளத்துக்கு மேலே ஏழு சுற்று

பேருந்தில் என் நிறுத்தம் வரும்போது "நிறுத்துங்க" என்று சத்தம் போட எனக்கு வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் அவர் பின்னாலேயே இறங்கிவிடுவேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போய், இறங்கி, திரும்பி நடப்பேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் குடிவந்த புதிதில் இந்த நடையாலேயே என் உடம்பு நன்றாக இருந்தது. கல்யாணப் பந்தியிலும் ரசம் இரண்டாவது முறை கேட்டதில்லை. கேட்காமலே ஊற்றுகிறவர் வந்தால் உண்டு.

அப்படிப்பட்ட நான் ஒருநாள் ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பைலட்டிடம் "இன்னொருக்கா கேளுங்க" என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது. சிரிப்பும் வருகிறது.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தேன். மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரிப்பது என் வேலை. மாஸ்டர் "மீடியம் நாப்பது" என்பார், மீடியம் சைஸில் நாற்பது அடுக்கு என்று அர்த்தம். நானும் "மீடியம் நாப்பது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே தலையாட்டினால் அவருக்குக் கோபம் வரும். எனக்கு முன்னால் இருந்தவர் தலையாட்டியே வேலை பார்த்து, ஒரு லாட் முழுக்க பெரியவர்களுக்கும் ஆகாமல் குழந்தைகளுக்கும் ஆகாமல் போய்விட்டதாம். அதனால் நான் நாள் முழுக்கத் திருப்பிச் சொன்னேன். கம்பெனியில் நான் வாயைத் திறப்பது அவ்வளவுதான்.

என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. கட்டிங்குக்கும் செக்கிங்குக்கும் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி. முடித்த பீஸ் மேல் தூசி படக்கூடாது என்று, செக்கிங் சூப்பர்வைசர் அம்மா கூப்பிடாமல் நாங்கள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. எனக்கு அந்தக் கோடு ரொம்ப வசதி. தாண்டச் சொன்னாலும் தாண்டியிருக்க மாட்டேன்.

காலையில் நானும் அவளும் ஒரே சைக்கிளில் வருவோம். கேட்டுக்கு முன்னால் உள்ள டீக்கடையில் இறங்கி, பத்தடி இடைவெளி விட்டு உள்ளே போவோம். அந்தப் பத்தடி என்னுடைய ஏற்பாடு. நாலு பேர் பார்க்க அவளோடு பேச எனக்குக் கூச்சம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் போகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் உறவு இருப்பதே பல பேருக்குத் தெரியாது. பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா, திருநெல்வேலிப் பக்கம், வேதக்காரர், நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒருநாள் செக்கிங் மேசைக்கு வந்து என் மனைவியிடமே கேட்டிருக்கிறார்.

"அந்தக் கட்டிங் அண்ணாச்சி பாவம், வாய் பேசாத மனுசன். இன்னும் கல்யாணம் ஆவலையாம்லா? எங்கூர்ல ஒரு பொண்ணு இருக்கு. நீங்க பேசிப் பாக்கியளா?"

"பாக்கறனுங்க்கா," என்று சொல்லிவிட்டாள் இவள். அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு முறை சாக்கடை ஓரம் போனது.

ஆனால் அவள் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஆயுத பூஜைக்கு, வருஷம் முழுக்க ஒரு பீஸும் திரும்பி வராதபடி பார்த்ததற்காக அவளுக்கு ஒரு குத்துவிளக்கு பரிசு கொடுத்தார்கள். கம்பெனியே கைதட்டியது. நான் துணி ரோல்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கைதட்டினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களே! விளக்கை வாங்கிக்கொண்டு அவள் கூட்டத்தில் யாரையோ தேடியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷ ஆயுத பூஜையில் பொரி, சுண்டல் கொடுத்து முடித்ததும் குலுக்கல் வைத்தார்கள். அந்த சமயம் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு மைதானத்தில் யாரோ ஹெலிகாப்டர் கொண்டுவந்து ஜனங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி ஒரு நடை மொத்தமாக எடுத்திருந்தார். தொழிலாளர்களில் இரண்டு பேர், கூட ஃப்ளோர் மேனேஜர். மற்றவர்களை வயல்காட்டுக்கு மேலே ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவார்கள். எங்களை மட்டும் எங்கள் கம்பெனிக்கு மேலேயே கூட்டிப்போவதாகப் பேச்சு.

முதல் சீட்டு பேக்கிங் அக்காவுக்கு. அவர் "ஏசப்பா!" என்று கத்தியதில் பொரித்தட்டு கவிழ்ந்தது. இரண்டாவது சீட்டு எனக்கு. பெயரைப் படித்ததும் நான் ரோல்களுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். மாஸ்டர் சட்டைக் காலரைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அன்றைக்கு வீட்டில் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே மனைவி சொன்னாள்.

"ஏனுங்க, மேல போறப்ப எனக்குக் கை காட்டோணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஆரும் கிட்டக்க இருக்கமாட்டாங்கல்ல, அதுக்குத்தான். கீழ நின்னா கூச்சம்ங்கறீங்க. மேல என்ன கூச்சம்? காக்காயா பாத்துச் சிரிக்கும்?"

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

"எங்க டேபிள்ல பந்தயமே கட்டிப் போட்டாங்க. உங்கூட்டுக்காரரு கை காட்டுனா ஒரு வாரம் உனக்கு நாங்க டீ வாங்கித் தாரோம், காட்டலீனா நீ எங்களுக்கு வாங்கோணும்னு. நான் காட்டுவாருன்னுட்டேன்."

"ஏம்புள்ள அப்படிச் சொன்னே?"

அவள் அரிவதை நிறுத்தினாள். "ரெண்டு கையும் வேண்டாங்க. ஒண்ணு போதும். ஒருக்காக் காட்டுனாப் போதும்." அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயமா, விளக்கா என்று நான் கேட்கவில்லை. "செரி" என்றேன்.

பிறகு அவளே திட்டம் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை. அந்த அரைமணியில் செக்கிங் பெண்கள் எல்லோரும் மொட்டை மாடியில் நிற்பார்கள். மேலிருந்து எனக்குக் கம்பெனி அடையாளம் தெரிய வேண்டும். அந்த சீசனில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டரில் கண்ணைக் குத்துகிற ஒரு பச்சை இருந்தது. சாயத்தில் ஷேடு தப்பிப்போன ஒரு ரோல் மூலையில் கிடந்தது. அதை மாடி நீளத்துக்கும் விரித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் அம்மாவிடமே அனுமதி வாங்கிவிட்டாள். வெறும் பச்சை இல்லை, இரவில் விளக்கில்லாமலே தெரிகிற பச்சை. தப்பவே தப்பாது என்றாள்.

அந்த நாளும் வந்தது. மைதானத்துக்கு நாங்கள் போனதும் முதலில் எடை பார்த்தார்கள். பைலட் ஒரு மலையாளி, ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். முன்னால் பட்டாளத்தில் ஓட்டியவராம். பேக்கிங் அக்கா மெஷினில் ஏறியதும் முள்ளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். மேனேஜர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினார். "மூச்சை விடுங்க சார், எடை அதேதான்" என்றார் பைலட். நான் ஏறியபோது முள் சோம்பலாக நகர்ந்து நாற்பத்தேழில் நின்றது.

"சார் முன்னாடி உட்காரட்டும். கனமானவங்க ரெண்டு பேரும் பின்னாடி."

சார் என்றதும் நான் மேனேஜரைப் பார்த்தேன். பைலட் என்னைத்தான் சொல்லியிருக்கிறார். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

எடை பார்த்து, பெல்ட் மாட்டி, ஹெட்போன் மாட்டி, கிளம்பும்போது ஒன்று பத்து. கம்பெனிக்குப் பறந்து போக ஐந்து நிமிடம்தான் என்றார்கள். கணக்குச் சரியாக இருந்தது.

தரை எங்களை விட்டுக் கீழே இறங்கியது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நாங்கள் மேலே போகவில்லை. மைதானம், தட்டி மறைப்பு, சர்பத் வண்டி, நின்ற ஜனங்கள் எல்லாம் யாரோ தட்டோடு எடுத்துப்போவதுபோலக் கீழே போயின. காலடியில் கண்ணாடி. என் செருப்புகளுக்கு நடுவில் ஒரு தென்னந்தோப்பு. வயிற்றுக்குள் ஏதோ கிச்சுகிச்சு மூட்டியது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஹெட்போனில் என் சிரிப்பு எனக்கே கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்று பின்னாலிருந்து பேக்கிங் அக்காவின் ஜெபம் எல்லோர் காதிலும் ஓடியது.

"அம்மா," என்றார் பைலட், "நான் இப்ப ரேடியோவில் பேசணும். கொஞ்ச நேரம் ஜெபத்தை மனசுக்குள்ள வெச்சுக்கோங்க."

"சரிங்கய்யா. மனசுல சொன்னாலும் கர்த்தருக்குக் கேக்கும்."

பைலட் ரேடியோவில் ஆங்கிலத்தில் பேசினார். நான் பத்தாவது வரை படித்தவன். வேகமான ஆங்கிலம் புரியாது. ஆனால் இதில் பாதி பிடிபட்டது. நாங்கள் யார், எங்கே இருக்கிறோம், எத்தனை அடி உயரம், எத்தனை பேர், எங்கே போகவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசை. கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது. சின்ன வயதுக் குரல், அவசரமே இல்லாத குரல். நாலு எண்கள் சொன்னாள். பைலட் அதையே திருப்பிச் சொல்லி, முன்னால் இருந்த பெட்டியில் அந்த எண்களைத் திருகி வைத்தார். பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். அதையும் அப்படியே திருப்பிச் சொன்னார்.

'அட, மீடியம் நாப்பது!' என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய வேலையிலும் திருப்பித்தான் சொல்கிறார்கள்.

அவ்வளவுதான், போகப்போகிறோம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெலிகாப்டர் போகவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, கீழே இருந்த ஒரு குளத்தின் மேல் வட்டமடிக்க ஆரம்பித்தது.

"என்னங்க ஆச்சு?" என்று மேனேஜர் கேட்டார்.

பைலட் கையால் முன்பக்கத்தைக் காட்டினார். "அந்த ரோடு தெரியுதில்லயா? அதுவரைக்கும் நாம இஷ்டத்துக்குப் பறக்கலாம். அதுக்கு அந்தப் பக்கம் இப்ப அவங்க கன்ட்ரோல். கோயமுத்தூர் வர்ற பிளேன் எல்லாம் வரிசையா இறங்குற வழி. பக்கத்துல பட்டாளத்து பிளேனும் பறக்குது. அவங்க உள்ள வான்னு சொல்லாம போகக்கூடாது. வெளியவே நில்லுன்னு சொல்லியிருக்காங்க."

"அதான் பேசிட்டாங்கல்ல? நம்பர்கூடக் குடுத்தாங்களே. போலாம் போங்க."

"பேசினா அனுமதி இல்ல சார். நம்பர் குடுத்தது நம்மள அவங்க திரையில பாக்கத்தான். உங்க கேட்ல வாட்ச்மேன் சல்யூட் அடிச்சா, கேட்டைத் திறந்துட்டான்னு அர்த்தமா?"

மேனேஜருக்கு அது ஏறவில்லை. எனக்கோ எல்லாம் உடனே விளங்கிவிட்டது. யாராவது "உள்ள வாங்க" என்று சொல்கிறவரை வெளியே நிற்பதில் திருப்பூர் வட்டாரத்திலேயே என்னைவிட அனுபவசாலி கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் என்னைப்போல ஒருவராகத்தான் இருப்பார் என்று எனக்குப் பட்டது.

வானத்தில் ஒரு மஞ்சள் கோடு. நாங்கள் அதற்கு இந்தப் பக்கம்.

முதல் சுற்று சந்தோஷமாக இருந்தது. குளம் ஒரு தட்டுபோலச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. கரையில் ஒரு எருமை. இரண்டாவது சுற்றிலும் அதே எருமை. மூன்றாவது சுற்றில் தலைக்குள் ஏதோ கழன்று தனியாகச் சுற்றியது. எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி," என்றார் பேக்கிங் அக்கா, "அந்த எருமைய நான் நாலாவது தடவையா பாக்கேன். அதுவும் என்னய பாக்குது. இனி எங்க பாத்தாலும் ஒண்ணையொண்ணு அடையாளம் தெரிஞ்சிரும்."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியில் முட்டிக்கொண்டேன்.

அப்போது முன்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபத்துமூன்று. சிரிப்பு நின்றது. மாடியில் பச்சைத் துணியை விரித்துவிட்டு அவள் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றரைக்கு மணி அடித்தால் எல்லோரும் இறங்கியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு நிமிடம் தாமதமாக மேசைக்குப் போனதில்லை. "உங்கூட்டுக்காரரு வரவேயில்லையே" என்று அவர்கள் கேலி பேசுவது எனக்கு இங்கேயே கேட்டது. வழியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லவும் வழியில்லை. எங்களிடம் செல்போன் கிடையாது. நான்தான் கூச்சப்பட்டுத் திரும்பிப் போய்விட்டேன் என்றுகூட நினைப்பாள். நினைக்கக்கூடியதுதான்.

அந்தப் பெண் குரல் இடையிடையே வேறு யார் யாரோடோ பேசியது. ஒரு பெரிய விமானம் இறங்கியதாகவும் அதற்குப் பின்னால் இன்னொன்று வருவதாகவும் பைலட் சொன்னார். எங்களைக் கூப்பிட்டபோது ஒரே வார்த்தை. ஸ்டாண்ட்பை. அதாவது, காத்திரு. எட்டு கிலோமீட்டர் தூரத்தில் மினுக்கென்று ஒரு வெள்ளைப் புள்ளி மேற்கே இறங்கிப் போனதைக் காட்டினார். அதற்குள் நூறு பேர் இருப்பார்களாம். அவர்களுக்கு வழிவிட்டுத்தான் நாங்கள் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாவது சுற்றில் பைலட் சொன்னார்: "எண்ணெய்க் கணக்குப்படி இன்னும் ரெண்டு சுற்று சுத்தலாம். அதுக்குள்ள கூப்பிடலைன்னா திரும்ப வேண்டியதுதான். கிழக்கே ஒரு நல்ல ரவுண்டு காட்டி இறக்கிடறேன்."

"அய்யோ, இப்பவே திரும்பிக்கலாங்க," என்றார் மேனேஜர். அவர் குரல் எலுமிச்சம்பழம் கடித்ததுபோல இருந்தது. "எனக்கு வகுத்தைப் பொரட்டுது. கம்பெனிய நாங்க தெனமும்தான பாக்கறம். மேல இருந்து வேற பாக்கோணுமா?"

"சரி சார்," என்று பைலட் கையை நகர்த்தினார்.

கடிகாரத்தில் ஒன்று இருபத்தேழு.

ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை அது வெளியே வந்துவிட்டது.

"திரும்ப வேண்டாங்க. இன்னொருக்காக் கேளுங்க."

பின்னால் மேனேஜர் திடுக்கிட்டார். "ஆரது? ஆரு பேசறது?"

எட்டு வருஷமாக என் பக்கத்தில் நடமாடியவர். என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாந்தானுங்க. கட்டிங்," என்றேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கதவு திறந்த கோழிக் கூண்டுபோல வார்த்தைகள் வந்தன. "என்ற சம்சாரம் மாடில நிக்கறாளுங்க. ஒன்றரைக்குப் பெல் அடிச்சிருவாங்க. நான் கை காட்டறேன்னு சொல்லிப்போட்டேன். பதினாறு வருசமா காட்டலீங்க. உள்ள உடமாட்டாங்கன்னா செரிங்க, சட்டம்னா சட்டம்தான். ஆனா கேக்காம திரும்ப வேண்டாங்க."



"சம்சாரமா?" என்றார் பேக்கிங் அக்கா. "அண்ணாச்சி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? யாரு?"

"செக்கிங்ல, குத்துவிளக்கு வாங்குனவங்க."

"அய்யய்யோ! அவுககிட்டயா நான் பொண்ணு பாக்கச் சொன்னேன்!"

பைலட்டின் மீசை ஆடியது. மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டதையே திரும்பக் கேட்டா எரிச்சல்தான் படுவாங்க சார். அவங்க குடுக்கக்கூடிய மாதிரி கேக்கணும்," என்றார். பிறகு ரேடியோவில் பேசினார். மெதுவாக, தெளிவாக, எனக்கும் புரிகிற ஆங்கிலத்தில் பேசினார். இன்னும் தாழப் பறக்கிறோம். ஐந்நூறு அடிக்கு மேல் வரமாட்டோம். மூன்றே நிமிடம், போன வழியிலேயே கிழக்கே திரும்பிவிடுகிறோம்.

பதில் இல்லை. ஏழாவது சுற்று. எருமை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபத்தை மனதுக்குள் வைத்திருந்த அக்கா என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குரல் எங்களைக் கூப்பிட்டது. உள்ளே வரலாம், ஐந்நூறு அடிக்கு மேல் ஏறாமல்.

பைலட் திருப்பிச் சொன்னார். அவர் முடிக்கவும் நானும் சத்தமாக, "ஐந்நூறு அடிக்கு மேல ஏறாமல்!" என்றேன். பழக்கதோஷம். நல்லவேளை, என் குரல் எங்கள் நாலு பேருக்குள்தான் கேட்கும்.

"கரெக்ட் சார்," என்றார் பைலட்.

மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஹெலிகாப்டர் அந்த ரோட்டைத் தாண்டியது. தாண்டும்போது ஒன்றும் தெரியவில்லை. கோடும் இல்லை, கேட்டும் இல்லை. ஆனால் எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. நம்மை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்!

எங்கள் கம்பெனி இருக்கும் நெருப்பெரிச்சல் வந்தது. நான் பச்சையைத் தேடினேன். கண்டதும் தலையில் கைவைத்தேன்.

தெரு முழுக்கப் பச்சை.

எங்கள் ஆட்கள் துணி விரிப்பது காலையிலேயே டீக்கடையில் பேச்சாகியிருக்கிறது. அந்தப் பெரிய ஆர்டரை எங்கள் கம்பெனி மட்டும் தைக்கவில்லை. தெருவில் பாதிக் கம்பெனிகள் அதையே பிரித்து வாங்கித் தைத்துக்கொண்டிருந்தன. எல்லோரிடமும் அதே பச்சையில் ஷேடு தப்பிய ரோல் இருந்தது. ஹெலிகாப்டர் வருகிறதாம், நாமும் விரிப்போம் என்று மாடிக்கு மாடி விரித்துவிட்டார்கள். எங்கள் சொந்த ஊரான கணியூர்ப் பக்கம் நாற்று விட்ட வயல்கள் மாதிரி வரிசையாகப் பச்சைச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் முப்பது நாற்பது பேர். எல்லோரும் கை காட்டினார்கள். துண்டை வீசினார்கள், பனியனைச் சுழற்றினார்கள், குதித்தார்கள்.

"எது சார் உங்க மாடி?" என்று பைலட் கேட்டார்.

"தெரியலீங்களே!"

மேனேஜருக்கும் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது கடிகாரம் ஒன்று முப்பத்துமூன்று. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. மற்றக் கம்பெனிகளுக்குச் சாப்பாட்டு நேரம் இரண்டு மணி வரை. எங்களுக்குத்தான் ஒன்றரை. எங்கள் மணி அடித்து மூன்று நிமிடமாகிவிட்டது. எங்கள் ஆட்கள் இறங்கியிருப்பார்கள். அப்படியென்றால் நான் தேடவேண்டியது காலி மாடி.

ஒன்றே ஒன்று இருந்தது. நீளப் பச்சை, ஓரம் காற்றில் மடங்கியிருந்தது. கூட்டம் இல்லை. ஆனால் முழுக்கக் காலியும் இல்லை. துணியின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, நெற்றியில் கைவைத்து, ஒரே ஒரு ஆள் நின்றது. விரல் அளவு உருவம். முகம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மணி அடித்த பிறகும் அங்கே நிற்பதற்கு உலகத்தில் வேறு யாருக்கும் காரணம் கிடையாது.

"அதுதாங்க! அதேதாங்க!"

"பிடிச்சுக்கோங்க," என்று சொல்லிப் பைலட் என் பக்கமாகச் சாய்த்தார். மாடி எழுந்து என் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றதுபோல இருந்தது. நான் கையைத் தூக்கினேன். ஒரு கை போதும் என்றிருந்தாள். இரண்டையும் தூக்கினேன். ஆட்டினேன். பெல்ட் இறுக்க இறுக்க, மேல்கண்ணாடியில் முட்டிய விரல் வலிக்க வலிக்க, பைத்தியக்காரனைப்போல ஆட்டினேன். அவளை விட்டு நகர்ந்ததும் பக்கத்து மாடிக்கு ஆட்டினேன், அடுத்த மாடிக்கு ஆட்டினேன், தண்ணீர் லாரிக்கு ஆட்டினேன். என் வாழ்நாள் பாக்கியை அந்த ஒரு நிமிடத்தில் தீர்த்தேன். பின்னால் பேக்கிங் அக்கா "அல்லேலூயா" என்று என் தலைக்கு மேல் கையாட்டினார்.

அவள் கை காட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோதும் உட்கார்ந்தே இருந்தாள்.

இறங்கியதும் மேனேஜர் ஒரு வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பைலட் கை கொடுத்து, "சார், அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே கேளுங்க," என்றார்.

சாயங்காலம் டீக்கடை முனையில் அவள் எனக்காக நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள்.

"ஏன் உக்காந்துட்டே?"

"கால் ஆடிப் போச்சுங்க. அப்படிச் சாஞ்சு வருது. விழுந்துருவீங்களோன்னு. அப்பறம் பாத்தா ரெண்டு கையும் ஆடுது. ஒண்ணுதான கேட்டேன்?" சைக்கிளில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்ததும் சொன்னாள்: "ஆனா டீ போச்சுங்க."

"ஏன்?"

"பெல் அடிச்சதும் எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் மட்டும்தான் பாத்தேன். சொன்னா, யாரு பாத்தாங்கறாளுக. பேக்கிங் அக்கா சத்தியம் பண்ணுச்சு. அது உங்க கட்சி, செல்லாதுன்னுட்டாங்க."

வழியெல்லாம் குளத்தையும் எருமையையும் மேனேஜரையும் சொன்னேன். இவ்வளவு பேச்சு என்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அந்த ஸ்டாண்ட்பையையும் சொன்னேன்.

மறுநாள் பத்தரை மணி டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், விரித்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டேன். மாஸ்டர் "எங்க போறீங்க?" என்றார். சட்டையிலிருந்த பஞ்சுத் தூசியை நன்றாகத் தட்டிக்கொண்டு, நேராகப் போய் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்றேன். காது இரண்டும் கொதித்தன. நாற்பது பெண்கள். கத்தரிகள் ஒவ்வொன்றாக நின்றன.

சூப்பர்வைசர் அம்மா நிமிர்ந்தார். "என்னங்ணா வேணும்?"

"கட்டிங்ல இருந்துங்க. ஒரு ஆள். மூணாவது டேபிள் வரைக்கும் போகோணுங்க. ஒரு நிமிசம் போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்றாவது மேசையில் என் மனைவி கையில் பீஸோடு, தலையைத் தூக்காமல், தெளிவாகச் சொன்னாள்:

"ஸ்டாண்ட்பை."

எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிட்டேன். அவள் அந்தப் பீஸை முழுக்கப் பார்த்து முடித்தாள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை. ஒரு நூலை வெட்டினாள். மடித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "வாங்க," என்றாள்.

நான் கோட்டைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி, நாற்பது பேரும் பார்க்க, அவளுக்குக் காட்டினேன். கத்தரியைப் பிடித்தபடியே அவளும் கையைத் தூக்கினாள்.